ஐந்துக்கு இரண்டு

கேமரன் மலையின் வடகோடியில் உள்ள கம்போங் ராஜாவுக்கு இன்று சிம்பாங் பூலாய் சாலை வழியாக ஏறி வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவன, மலைச்சரிவை மூடிக் கிடக்கும் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளே ஆகும். அவற்றுக்கு அப்பால்தான் தேயிலையின் பச்சை தெரியும். நான் சிறுவனாயிருந்த 1960களில் இந்தச் சாலை கிடையாது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறி, பிரிஞ்சாங்கையும் திரிங்காப்பையும் கடந்து, வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டும் பாதையில் வந்து சேரவேண்டும். அக்காலத்தில் எங்கள் தோட்டத்துத் துரை பங்களாவுக்குக் கீழே, சரிவை வெட்டிச் சமன்படுத்திய ஒரு துண்டு நிலத்தில், நாற்புறமும் கம்பிவலை சூழ்ந்த டென்னிஸ் ஆடுகளம் ஒன்று இருந்தது. வலைக்கு மேலே பறந்து போகும் பந்து தேயிலைச் செடிகளுக்குள் விழுந்து, சரிவில் உருண்டு, எங்கேயாவது ஒரு தூரில் சிக்கி நிற்கும். அதைத் தேடி எடுத்து வருவது லயத்துப் பையன்களாகிய எங்களுடைய வேலை.

அந்தப் பந்துகள் அப்போது வெள்ளையாக இருந்தன. மாலை நாலரை மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கத் தொடங்கிவிட்டால், செடிக்குள் விழுந்த பந்து ஈரத்தைக் குடித்துக் கனத்துப்போகும். மேலே ஒட்டியிருக்கும் ரோமம் சிலிர்த்து, நனைந்த கம்பளித் துண்டைக் கையில் பிடித்தாற்போல் இருக்கும். ஈப்போவிலிருந்து வரும் விருந்தாளிகள் முதல் அரைமணி நேரம் அடிக்கும் பந்தெல்லாம் கோட்டுக்கு வெளியே போய் விழும். சமவெளியில் அடித்துப் பழகிய கைக்கு, மலைமேல் காற்று இலேசாயிருப்பதனால் பந்து கூடுதலாகப் பறக்கும் என்பது உடனே பிடிபடாது. ஆட்டம் முடிந்ததும் மர மட்டைகளை நான்கு மூலையிலும் திருகு வைத்த மரச்சட்டத்துக்குள் செருகி இறுக்குவார்கள். இல்லாவிட்டால் இந்த ஊர் ஈரத்தில் மட்டை ஒரே வாரத்தில் கோணிக்கொள்ளும். அந்தத் திருகுகளை இறுக்கும் பாக்கியம் யாருக்கு என்பதில் எங்களுக்குள் பெரிய சண்டை நடந்ததுண்டு.

ஆடியவர்களுள் தமிழர் ஒருவர் மட்டும் இருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துவந்த டிரெசர் ஐயா அவர். துரைகள் ஆளில்லாத நாளில் அவரைக் கூப்பிட்டு ஆடுவார்கள். பலத்தில் அவர்களுக்கு ஈடு கொடுக்க முடியாதவராயினும், பந்தை ஓங்கி அடிக்காமல், கொழுந்து கிள்ளுகிற பெண்ணின் விரல் எவ்வளவு அழுத்தமும் எவ்வளவு மென்மையும் கொள்ளுமோ அவ்வளவே கொண்டு, வலையை ஒட்டி அதைத் துவண்டு விழச் செய்யும் லாகவம் அவரிடம் இருந்தது. பெரும்பாலும் தோற்றுத்தான் வருவார். ஆனால் நாங்கள் ஆட்டத்தைக் கற்றது அவருடைய கையைப் பார்த்துத்தான். 1966 டிசம்பரில், பள்ளி விடுமுறை நாளொன்றில், இரண்டு நாள் தாமதித்து வந்த பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, பெரட்டுக்களத்துத் தரையில் ஒரு குச்சியால் ஆடுகளத்தை வரைந்து, கல்கத்தாவில் ராமநாதன் கிருஷ்ணன் ஆடிய ஆட்டத்தை அவர் எங்களுக்குச் சொல்லத் தொடங்கினார். நான்காவது செட்டில், எதிரி ஐந்து, கிருஷ்ணன் இரண்டு என்ற இடத்தில் குச்சியைக் கீழே போட்டுவிட்டு, மிச்சத்தை நாளைக்குச் சொல்வதாகக் கூறி எழுந்து போய்விட்டார்.

டென்னிஸ் ஆட்டம் ஒன்றை மகத்தான ஆட்டம் என்று உலகம் எதனால் சொல்கிறது என்ற கேள்வி அன்று இரவிலிருந்தே என்னுள் இருந்து வருகிறது. பலர் உடனே சொல்லக்கூடிய விடை, நீளம் என்பது. 2010இல் விம்பிள்டனில் ஜான் இஸ்னரும் நிக்கோலா மஹூவும் மூன்று நாட்களில் 11 மணி 5 நிமிஷம் ஆடிய ஆட்டம், கடைசிச் செட்டு மட்டும் 70-68 என்று முடிந்தது. அதைவிட நீண்ட ஆட்டம் இதுவரை இல்லை. அந்த இருவருடைய சகிப்புத்தன்மையை வணங்கலாம். எனினும் சர்வீஸை உடைக்க இருவராலும் இயலாமற்போனதால் வளர்ந்த நீளம் அது; ஒருவரை ஒருவர் மாற்றியமைத்த ஆட்டம் அல்ல என்பது என் அபிப்பிராயம். அதற்கு மாறாக, 1969இல் அதே விம்பிள்டனில் 41 வயதான பாஞ்சோ கொன்ஸாலஸ், தம்மைவிடப் பல ஆண்டு இளையவரான சார்லி பஸரெல்லிடம் முதல் இரண்டு செட்டுகளை 22-24, 1-6 என்று இழந்து, மறுநாள் திரும்பி வந்து, 16-14, 6-3, 11-9 என்று வென்றாரே, அதில் 112 கேம் என்ற எண்ணிக்கை அன்று. ஏழு தடவை தோல்வியின் கடைசிப் புள்ளியில் நின்றுவிட்டு அந்த மனிதர் மீண்டார் என்பதே நினைவில் நிற்கிறது. இம்மாதிரி முடிவில்லாமல் நீளும் செட்டுகளுக்கு வரம்பு கட்டவே அமெரிக்கரான ஜேம்ஸ் வான் ஆலன் வகுத்த டைபிரேக்கர் 1970இல் அமெரிக்கப் போட்டியிலும், மறு ஆண்டு விம்பிள்டனிலும் நடைமுறைக்கு வந்தது.

கொன்ஸாலஸின் பெயர் வந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பணத்துக்கு ஆடுகிறவர் என்பதற்காகவே அவர் தம்முடைய உச்சகாலம் முழுவதும் விம்பிள்டனுக்குள் நுழைய முடியாமல் இருந்தார். 1968 வரையில் டென்னிஸ் உலகம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒரு புறம் ஜீவனத்துக்காக ஆடாதவர்கள். விம்பிள்டனும் டேவிஸ் கோப்பையும் அவர்களுக்கு உரியவை. மறுபுறம் ஜாக் கிரேமர் போன்றோரிடம் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஊர் ஊராகப் போய், அரங்கங்களிலும் கொட்டகைகளிலும் துணி விரிப்பின்மீது இரவு வெளிச்சத்தில் ஆடிய தொழில்முறை ஆட்டக்காரர்கள். ராட் லேவர் 1962இல் நான்கு பெரும் பட்டங்களையும் ஒருங்கே வென்றுவிட்டு, தொழில்முறைக்கு மாறியதும், ஐந்து ஆண்டுகள் விம்பிள்டன் அவருக்கு அடைபட்டிருந்தது. 1968 ஏப்ரலில் இங்கிலாந்தின் போர்ன்மத் நகரத்தில்தான் இரு சாராரும் கலந்து ஆடிய முதல் போட்டி நடந்தது. பிறகுதான் இன்று நாம் காணும் தொழில்முறை டென்னிஸ் உருவாயிற்று.

நம்மவராகிய கிருஷ்ணனுக்கும் தொழில்முறை ஆட்டத்தின் கதவு திறந்தே காட்டப்பட்டது. 1937இல் நாகர்கோவிலில் பிறந்து, தந்தை டி. கே. ராமநாதனிடமே மட்டை பிடிக்கக் கற்று, 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்ற முதல் ஆசியராக விளங்கியவர் அவர். கிரேமர் அவரை 1959இல் தம் குழுவுக்கு அழைத்தார், அவர் மறுத்துவிட்டார். 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். முதலாண்டில் நீல் ஃப்ரேஸரிடமும் அடுத்த ஆண்டில் லேவரிடமும் தோற்றார். இரண்டாம் தடவை காலிறுதியில் ராய் எமர்சனை 6-1, 6-4, 6-4 என்று நேர் செட்டுகளில் வென்றது இன்றளவும் பேசப்படுகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் அவர் செல்வம் சேர்த்திருக்கலாம். டேவிஸ் கோப்பைக்கு ஆடியிருக்க முடியாது, 1966 டிசம்பரும் இருந்திருக்காது. ஆகவே அந்த ஆட்டம் சொல்லளவில் தொழில்முறை ஆட்டம் அன்று. ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர் எவரும் அதைத் தம்முடையதாகச் சொல்லிக்கொள்ளப் பெருமைப்பட்டிருப்பார்.

1966 டேவிஸ் கோப்பையில் பிரேசில் யாரும் எதிர்பாராத வகையில் போர்ட்டோ அலேக்ரேயில் அமெரிக்காவைத் தோற்கடித்துவிட்டுக் கல்கத்தாவுக்கு வந்திருந்தது. இங்கே ஜயிக்கும் நாடு இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவைச் சந்திக்கும். சவுத் கிளப்பின் புல்தரையில் நான்கு ஆட்டங்கள் முடிந்தபோது இரு நாடுகளும் இரண்டு, இரண்டு என்று சமமாக நின்றன. ஐந்தாவது ஆட்டத்தில் கிருஷ்ணனுக்கு எதிரே நின்றவர் தாமஸ் காக். இடது கைக்காரர், இளைஞர், வேகமாக அடிப்பவர். கிருஷ்ணனுக்கோ வயது 29. உடல் சற்றுப் பருமன். அவருடைய சர்வீஸ் ஒருநாளும் யாரையும் அச்சுறுத்தியதில்லை. முதல் செட்டு காக்குக்கு 6-3. இரண்டாவது கிருஷ்ணனுக்கு 6-4. மூன்றாவது நீண்டு நீண்டு போய் 12-10 என்று காக் வசமாயிற்று. அவ்வளவு நீண்ட செட்டை இழந்தவனுடைய கால்களில் என்ன மிஞ்சியிருக்கும் என்பதை ஆடிப் பார்த்தவர்கள் அறிவார்கள். நான்காவதில் காக் 5-2 என்று முன்னேறிவிட்டார். இன்னும் ஒரே ஒரு கேம் எடுத்தால் பிரேசில் இறுதிப் போட்டிக்குப் போய்விடும்.

இந்த இடத்தில்தான் நான் நின்று நின்று யோசித்திருக்கிறேன். வலிய ஆட்டக்காரன் ஒருவன் தோல்வியின் விளிம்பில் செய்வதற்கு ஒன்று உண்டு. கண்ணை மூடிக்கொண்டு முழுப் பலத்தோடு அடிப்பான், பட்டால் பட்டது. கிருஷ்ணனிடம் அப்படி ஒதுக்கி வைத்த பலம் எதுவும் இல்லை. முதல் பந்தில் எதைக் கொண்டு ஆடினாரோ, அந்தத் தொடு உணர்வையும், கோணங்களையும், எதிரியின் வேகத்தையே கடன் வாங்கித் திருப்பித் தரும் நிதானத்தையும் தவிர வேறு ஆயுதம் அவருக்குக் கிடையாது. அதே ஆயுதம் அவரை 5-2 வரை கொண்டுவந்து தள்ளியிருக்கிறது. அதையே நம்பித்தான் திரும்பவும் வரவேண்டும். வந்தார். அடுத்த ஐந்து கேம்களையும் தொடர்ந்து எடுத்து நான்காவது செட்டை 7-5 என்றும், ஐந்தாவதை 6-2 என்றும் முடித்தார். அதாவது தோல்வி ஒரு கேம் தொலைவில் இருந்தபோது தொடங்கி, கடைசிப் பதின்மூன்று கேம்களில் பதினொன்று அவருடையவை. முழு ஆட்டத்தையும் கூட்டிப் பார்த்தால் கேம்கள் 61. கிருஷ்ணன் 32, காக் 29. மூன்றே மூன்று கேம் வித்தியாசம். இறுதிப் போட்டியில் மெல்பர்னில் இந்தியா 4-1 என்று தோற்றது என்றாலும், அந்த ஒன்றைக் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து, நியூகோம், ரோச் என்ற உலகப் பிரசித்தி பெற்ற ஜோடியிடமிருந்து இரட்டையர் ஆட்டத்தில் பறித்தார்கள்.

எட்டு ஆண்டுகளுக்குப் பின் அதே சவுத் கிளப்பில் மற்றொரு போர் நடந்தது. 1974 மே மாதத்துக் கல்கத்தா வெயிலில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய ஐந்து ஆட்டங்களில் மொத்தம் 327 கேம்கள். டேவிஸ் கோப்பை வரலாற்றிலேயே அதிகமான எண்ணிக்கை அது. கோப்பை ஆட்டங்களில் 1989இல் டைபிரேக்கர் புகுந்துவிட்டதால் அதற்குப் பிறகு அதை முறியடிக்க வழியில்லாமல் போய்விட்டது. ஜஸ்ஜித் சிங், பாப் ஜில்டினனை 11-9, 9-11, 12-10, 8-6 என்று வென்றார். விஜய் அமிர்தராஜ் ஜான் அலெக்ஸாண்டரிடம் 80 கேம்கள் ஆடித் தோற்றார். பின்னர் அவரும் அண்ணன் ஆனந்தும் இரட்டையரில் அலெக்ஸாண்டர், காலின் டிப்ளி ஜோடியை 17-15, 6-8, 6-3, 16-18, 6-4 என்று வீழ்த்தினார்கள். அது மட்டும் 99 கேம். அதற்கும் மேலே விஜய் ஜில்டினனை வென்று முடித்துக் கொடுத்தார். அந்தச் சென்னை இளைஞருக்கு அப்போது வயது இருபது.

இத்தனை பிரயத்தனத்துக்கும் பிறகு இறுதிப் போட்டியில் எதிரே வந்து நின்ற நாடு தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி நடத்தும் அந்த நாட்டோடு ஆடமாட்டோம் என்று இந்தியா விலகிக்கொண்டது. கோப்பை ஆடாமலேயே தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. அன்று இதைப் பற்றி எங்கள் தோட்டத்தில் பேசியவர்கள் டென்னிஸ் தெரிந்தவர்கள் மட்டுமல்ல. நம்மைப் போலவே கப்பலேறிப் போய், 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களின் சந்ததி அங்கே நிறத்தின் பேரால் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது என்பதைத் தோட்டத்து ஜனங்கள் அறிந்திருந்தார்கள். தாம் முதுகெலும்பு ஒடிய ஆடிச் சம்பாதித்த இடத்தை விட்டுக்கொடுக்க நேர்ந்த அந்த ஆட்டக்காரர்களின் மனவேதனையையும், விட்டுக்கொடுத்ததன் நியாயத்தையும் ஒருசேர நினைக்கும்போது, 327 என்ற எண் எனக்கு மேலும் உயர்ந்து தோன்றுகிறது.

தோல்வி ஒரு மகத்தான ஆட்டத்தின் பெருமையைக் குறைக்கும் என்று நான் நம்பவில்லை. விஜய் வென்ற பெரிய ஆட்டங்கள் உண்டு. 1973இல் அமெரிக்கப் போட்டியில் லேவரையும், அடுத்த ஆண்டு அதே இடத்தில் பியார்ன் போர்க்கையும் வென்றார். எனினும் அவருடைய இரண்டு தோல்விகளை நான் அவற்றோடு ஒரே வரிசையில் வைப்பேன். 1973இல், ஆட்டக்காரர் சங்கத்தைச் சேர்ந்த 81 பேர் விம்பிள்டனைப் புறக்கணித்த ஆண்டில், 19 வயது விஜய் காலிறுதியில் யான் கோடெஷிடம் ஐந்தாவது செட்டில் 7-5 என்று தோற்றார். கோடெஷ் அவ்வாண்டுப் பட்டத்தையே வென்றார். 1979இல் விம்பிள்டன் இரண்டாம் சுற்றில், தொடர்ந்து மூன்றாண்டு வென்றிருந்த போர்க்கை இரண்டு செட்டுக்கு ஒன்று என்று பின்னுக்குத் தள்ளினார். நான்காவது செட்டு டைபிரேக்கரில் நழுவ, 2-6, 6-4, 4-6, 7-6, 6-2 என்று போர்க் பிழைத்தார், நான்காவது பட்டத்தையும் பெற்றார். அந்த ஒரு பிற்பகல் வேறு விதமாக முடிந்திருந்தால் போர்க்கின் சரித்திரமே வேறாக எழுதப்பட்டிருக்கும். வென்றவன் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கித் தன்னை மீட்டுக்கொள்ள வேண்டியிருந்தது என்பதற்குத் தோற்றவனே சாட்சி. 1980 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் மெக்கென்ரோ 18-16 என்று டைபிரேக்கரை எடுத்து நான்காவது செட்டைக் கைப்பற்றியிராவிட்டால், போர்க் ஐந்தாவதை 8-6 என்று வென்றதை யார் நினைவு வைத்திருப்பார்கள்? 2008இல் இரண்டு செட்டு பின்தங்கிய ஃபெடரர் இரண்டு டைபிரேக்கர்களால் எழுந்து வந்திராவிட்டால், இருட்டப்போகும் நேரத்தில் நடால் 9-7 என்று முடித்த அந்த ஆட்டம் மற்றொரு இறுதி ஆட்டமாகவே போயிருக்கும்.

கிருஷ்ணனுடைய மகன் ரமேஷைப் பற்றி ஒரு வார்த்தை. தந்தை வென்ற விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை 25 ஆண்டு கழித்து 1979இல் வென்றவர். கையும் தந்தையுடைய கையே, சர்வீஸும் தந்தையுடையதைப் போலவே மென்மையானது. 1987இல் சிட்னியின் புல்தரையில், ஆஸ்திரேலியாவோடு அரையிறுதி இரண்டுக்கு இரண்டு என்று நின்றபோது, கடைசி ஆட்டத்தில் வாலி மாஸரை 8-6, 6-4, 6-4 என்று வென்று இந்தியாவை இறுதிப் போட்டிக்கு அனுப்பினார். உலோக மட்டைகளும் கார்பன் மட்டைகளும் வந்து, எல்லாரும் பலத்தை நம்பத் தொடங்கிவிட்ட காலம் அது. அந்தக் காலத்திலும் அந்தப் பழைய விரல்களின் வித்தை செல்லுபடியாயிற்று என்பதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை. டிரெசர் ஐயா அதைப் பார்க்க அப்போது உயிரோடு இல்லை.

அவர் 5-2இல் நிறுத்திவிட்டுப் போன இரவை விட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்று லயத்தில் நாங்கள் நாலைந்து பையன்கள் உறங்கவில்லை. முடிவு பத்திரிகையில் அச்சாகி, அவருடைய சட்டைப்பையில் மடித்து இருக்கிறது என்பதும், ஆட்டம் நடந்து நாட்கள் ஆகிவிட்டன என்பதும் எங்களுக்குத் தெரிந்தும், ஏதோ நாங்கள் விழித்திருந்தால்தான் கிருஷ்ணன் அடுத்த கேமை எடுப்பார் என்பது போலக் கம்பளிக்குள் கிடந்தோம். தகரக் கூரைமேல் மழை பெய்துகொண்டே இருந்தது. மறுநாள் காலை, பெரட்டுக்கு ஆள் கூடும் நேரத்தில், ஈரத் தரையில் அவர் மறுபடி குச்சியை எடுத்தார். எங்களைச் சுற்றி, முதுகில் கூடையும் இடுப்பில் படங்குச் சாக்குமாக, கொழுந்தெடுக்கப் போகும் பெண்களும் நின்றுவிட்டார்கள். மூன்றுக்கு ஐந்து, நான்குக்கு ஐந்து, ஐந்துக்கு ஐந்து என்று அவர் ஒவ்வொரு கோடாகப் போட்டுக்கொண்டே போனார். ஏழுக்கு ஐந்து என்றபோது பையன்கள் கூச்சலிட்டோம். ஆறுக்கு இரண்டு என்று முடித்தபோது கங்காணியும் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்தார்.

என் தாயாரோடு ஒரே நிரையில் கொழுந்தெடுக்கும் கிழவி ஒருத்தி மட்டும் தரையில் இருந்த கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தோத்த தம்பி எந்த ஊருங்கய்யா?” என்று கேட்டாள்.

“பிரேசில், ஆத்தா. கடலுக்கு அந்தப் பக்கம், ரொம்பத் தூரம்.”

“அங்கேயும் தோட்டந்தானா?”

“தோட்டந்தான். காப்பித் தோட்டம்.”

“அஞ்சு எடுத்திட்டு வந்த பிள்ளை” என்று சொல்லிவிட்டு, கூடையின் கயிற்றை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கோடுகளை மிதிக்காமல் சுற்றி நடந்து, பனிக்குள் மலையேறிப் போய்விட்டாள்.